பூச்சி மாத்திரை கொடுத்தும் பருக்கை மாதிரி புழு திரும்ப வருகிறது, என்ன செய்வது?

பஞ்சுவின் அம்மா

வணக்கம். பஞ்சு எங்கள் வீட்டுப் பெண் பூனை. மூன்று வயது, கருத்தடை செய்தாயிற்று, எடை 3.6 கிலோ. வீட்டுக்குள்ளேயேதான் இருப்பாள். சாயங்காலம் அரை மணி நேரம் மாடிக்குப் போய் வருவதோடு சரி.

போன மாதம் அவள் படுத்து எழுந்த கருநீலப் போர்வைமேல் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தது. எடுத்துப் போடலாம் என்று குனிந்தேன், அது நீண்டது. அப்புறம் சுருங்கியது. மறுபடி நீண்டு, ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தது. கை நடுங்கிவிட்டது எனக்கு. பஞ்சுவின் வாலைத் தூக்கிப் பார்த்தால் பின்பக்க ரோமத்தில் இன்னும் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. அவை காய்ந்துபோய் எள் மாதிரி மஞ்சளாக இருந்தன.

மருந்துக் கடையில் பூச்சி மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து மறுபடி அதே பருக்கை. இன்னொரு மாத்திரை கொடுத்தேன், அதற்கும் அசையவில்லை. மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறாள், வாந்தி இல்லை, மலமும் கெட்டியாகத்தான் போகிறாள். பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போனதை மட்டும் இரண்டு முறை பார்த்தேன்.

இதற்கு நடுவில் ஐந்து நாள் முன்னால் ஒரு குட்டி வந்து சேர்ந்திருக்கிறது. ஏழெட்டு வாரம் இருக்கலாம், எடை 620 கிராம். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது, வயிறு மட்டும் பந்து மாதிரி. மலம் கூழாகப் போகிறது, இன்று காலை சளியும் சேர்ந்து வந்தது. தனி அறையில் வைத்திருக்கிறேன். அதற்கும் இதே மாத்திரையில் கால்வாசி உடைத்துக் கொடுக்கலாமா?

கடைசியாக ஒன்று. என் பையனுக்கு ஆறு வயது. ஒரு வாரமாக இரவில் பின்பக்கம் அரிக்கிறது என்று தூங்காமல் அழுகிறான். பூனையிடமிருந்துதான் தொற்றியிருக்கிறது, இரண்டையும் கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார் மாமியார். பஞ்சுவை விட என்னால் முடியாது. ஆனால் பிள்ளைக்கு ஒன்று என்றால் யாரிடம் போய் நியாயம் பேசுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடைசி படி

அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மேலே பெரிதாகப் போட்டிருக்கும் பெயர் வேண்டாம், உள்ளே என்ன மருந்து என்று சின்ன எழுத்தில் இருக்கும். பிராசிகுவான்டெல் என்று இருக்கிறதா? நீங்கள் பார்த்தது நாடாப்புழுவின் துண்டு மாதிரிதான் தெரிகிறது.

---

பஞ்சுவின் அம்மா

பார்த்தேன். பைரன்டெல் பாமோயேட் என்று மட்டும்தான் இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

---

மூணுகால் முத்து வீடு

அப்படியென்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. பைரன்டெல் உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் நல்ல மருந்து. நாடாப்புழுவை அது தொடவே தொடாது. இரண்டு இல்லை, இருபது மாத்திரை கொடுத்தாலும் அந்தப் பருக்கை வந்துகொண்டேதான் இருக்கும்.

நான் பதினோரு வருடமாகத் தாயில்லாத குட்டிகளை வாங்கி, தேற்றி, நல்ல வீடு பார்த்துக் கொடுத்துவருகிறேன். டாக்டர் இல்லை. ஆனால் பருக்கை, எள், நூல், சளி என்று பூனை மலத்தைக் கிளறிப் பார்த்தே பாதி நாள் போயிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பஞ்சு. அந்தப் பருக்கை முழுப் புழு கிடையாது. நாடாப்புழு குடலில் தலையைப் பதித்துக்கொண்டு, வால் பக்கமிருந்து முற்றிய கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும். ஒவ்வொரு கண்ணியும் ஒரு முட்டைப் பை. அதுதான் ஆசனவாய் வழியாக ஊர்ந்து வெளியே வந்து, படுத்த இடத்தில் விழுந்து, காய்ந்து எள்ளாகிறது. அந்த முட்டையைப் பஞ்சுவே நக்கி விழுங்கினாலும் அவள் வயிற்றில் புழு வளராது. முட்டையைத் தின்ன ஒருவர் வேண்டும். அவர்தான் தெள்ளு. தரையிலும் விரிப்பிலும் இருக்கும் தெள்ளுப் புழுக்கள் அந்த முட்டையைத் தின்னும், அவை வளர்ந்து பெரிய தெள்ளாகிப் பூனைமேல் ஏறும், பூனை கடிக்கிற இடத்தை நக்கும்போது தெள்ளையும் சேர்த்து விழுங்கும். விழுங்கிய இரண்டு மூன்று வாரத்தில் புதுப் பருக்கை வெளியே வர ஆரம்பித்துவிடும்.

எங்கள் பஞ்சுவுக்குத் தெள்ளே இல்லை என்று சொல்லப்போகிறீர்கள். நானும் என் பூனை முத்துவைப் பற்றி அப்படித்தான் சொன்னேன். சுத்தக்காரப் பூனைமேல் தெள்ளைப் பார்ப்பது கஷ்டம், ஏனென்றால் கண்ணில் படுவதற்கு முன்னால் அது வயிற்றுக்குள் போயிருக்கும். ஒரு பேன் சீப்பை எடுத்து வால் தொடங்குகிற இடத்தில் முதுகிலிருந்து இழுங்கள். சீப்பில் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக ஏதாவது வந்தால் அதை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டி ஒரு நிமிடம் பாருங்கள். வெறும் மண் என்றால் மண்ணாகவே இருக்கும். ஒவ்வொரு துகளையும் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு வளையம் ஊறி வந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது உங்கள் பூனையின் இரத்தம்.

பஞ்சு மாடியில் எலி பிடித்துத் தின்கிறாளா என்றும் கவனியுங்கள். எலி வழியாக வருவது வேறு வகை நாடாப்புழு. மருந்து ஒன்றுதான் என்றாலும், அப்போது நீங்கள் அடைக்க வேண்டிய வழி வேறு.

மருந்து பிராசிகுவான்டெல். பூனையைக் கையில் வைத்துக்கொண்டு எடை மெஷினில் நின்று, உங்கள் எடையைக் கழித்து, அந்தக் கணக்கோடு டாக்டரிடம் போய் வாங்குங்கள். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. மாத்திரை நல்ல கசப்பு. பல்லில் பட்டு உடைந்தால் வாயில் நுரை தள்ளும், பார்க்கவே பயமாக இருக்கும், ஆனால் அது கசப்புக்கு வருகிற உமிழ்நீர்தான். துண்டில் நான்கு காலையும் சேர்த்துச் சுற்றி, தலையைக் கொஞ்சம் மேலே சாய்த்து, கீழ்த்தாடையை நடுவிரலால் இறக்கி, நாக்கின் அடிப்பகுதியில் போட்டு வாயை மூடிப் பிடியுங்கள். அவள் மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டாள். உடனே ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், மாத்திரை தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. சுத்தமாக முடியவில்லையா? ஊசியாகவும் போடலாம், பிடரியில் விடுகிற சொட்டாகவும் வருகிறது. மறுநாள் மலத்தில் செத்த புழுவைத் தேடாதீர்கள். அது உள்ளேயே சிதைந்து செரித்துவிடும். புழு விழவில்லை, மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இரண்டாவது மாத்திரை கொடுக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். தெள்ளு மருந்து வாங்கும்போது பூனைக்கு என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். நாய்ச் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனையின் உடம்பால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. எட்டு வருடம் முன்னால் "எல்லாம் ஒன்றுதான், அளவைக் குறைத்து விடுங்கள்" என்று கடையில் சொன்னதை நம்பி, செவலை என்ற என் பூனையின் பிடரியில் நான்கு சொட்டு விட்டேன். சாயங்காலம் அவள் காது துடித்தது. முதலில் ஈ உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். அப்புறம் தோள், அப்புறம் கால்கள், ஒன்பது மணிக்கு உடம்பே வெட்டி வெட்டி இழுத்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துண்டில் சுற்றி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு நாள் உள்ளே வைத்திருந்துதான் அனுப்பினார்கள். பிழைத்தாள். அந்த இரவை நான் மறக்கவில்லை, இன்னொரு வீட்டில் அது நடக்கவும் கூடாது.

பூனைமேல் மருந்து விட்டதோடு வேலை முடியாது. வீட்டில் இருக்கிற தெள்ளுகளில் பெரும்பங்கு பூனைமேல் இல்லை; முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரை இடுக்கில், மெத்தை மடிப்பில், சோபாவுக்கு அடியில் இருக்கின்றன. அந்தக் கூடு பொல்லாதது. தெளிக்கிற மருந்து அதற்குள் போகாது, மாதக் கணக்கில் காத்திருந்து, யாராவது நடக்கிற அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும் வெடித்து வெளியே வரும். அதனால் விரிப்பு, போர்வை எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் வாரம் ஒருமுறை துவையுங்கள். இருட்டான மூலைகளை வாக்யூம் கிளீனரால் இழுத்து, அந்தத் தூசியைக் கட்டி அன்றே வெளியே போடுங்கள். மருந்தையும் குறைந்தது மூன்று மாதம், தவணை தவறாமல், வீட்டில் இருக்கிற எல்லாப் பிராணிகளுக்கும் விடுங்கள். முதல் மாதம் ஒன்றிரண்டு தெள்ளு கண்ணில் பட்டால் மருந்து தோற்றுவிட்டது என்று நிறுத்தாதீர்கள். அவை பழைய கூட்டிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவை.

பையனைப் பற்றி. இரவில் பின்பக்கம் அரிப்பது பெரும்பாலும் கீரிப்பூச்சிதான், நூல்புழு என்றும் சொல்வார்கள். அது மனிதர்களுக்கு மட்டும் வருவது. பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கு, நகத்தின் வழியாக, படுக்கை வழியாகப் பரவும். பூனைக்கு அது வராது, பூனை அதைக் கொடுக்கவும் முடியாது. குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள், வீட்டில் எல்லாருக்கும் சேர்த்தே மருந்து கொடுப்பார்கள். பஞ்சுவின் நாடாப்புழு பையனுக்கு வர வேண்டுமானால் அவன் ஒரு தெள்ளை விழுங்க வேண்டும். மிக அபூர்வமாக நடந்திருக்கிறது, ஆனால் பூனையைக் கொஞ்சுவதால் வராது. மாமியாரிடம் டாக்டரே சொல்லட்டும், உங்கள் வாயால் சொல்வதைவிட அது எடுபடும்.

குட்டிக்கு மட்டும் நீங்களாக எதையும் உடைத்துக் கொடுக்காதீர்கள். அந்தப் பந்து வயிறு உருளைப்புழுவுக்கே உரிய அடையாளம். தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும். உங்கள் கையில் இருக்கிற பைரன்டெல்தான் அதற்கு மருந்து என்பது உண்மை. ஆனால் 620 கிராம் எடையும் சளியோடு கழிச்சலும் சேர்ந்திருக்கிறது, முதலில் மலத்தைப் பரிசோதிக்க வேண்டும். இப்போதே அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நாளை காலை போகலாம். வெளிறிப்போய்க் காகிதம் மாதிரி இருந்தாலோ, மலம் தார் மாதிரி கறுத்திருந்தாலோ இன்றைக்கே போங்கள். கொக்கிப்புழு இரத்தம் குடிக்கும், இவ்வளவு சின்ன உடம்பில் ஊற்றிவைக்க அவ்வளவு இரத்தம் கிடையாது.

---

கண்ணாடி வில்லை

மேலே எழுதியவர் சரியாகச் சொல்லிவிட்டார். நான் கால்நடைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன், மாதிரி கொண்டுவருவது பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

அன்று போன மலமாக இருக்கட்டும். மூடி உள்ள டப்பாவில், ஒரு சுண்டுவிரல் நுனி அளவு போதும். உடனே வர முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் தனிப்பையில் வையுங்கள், உறையவைக்க வேண்டாம். மணல் ஒட்டாத பகுதியை எடுங்கள். நாங்கள் அதை அடர்த்தியான உப்புக் கரைசலிலோ சர்க்கரைக் கரைசலிலோ கலக்குவோம். முட்டைகள் லேசானவை, மேலே மிதந்து வரும், அதைக் கண்ணாடி வில்லையில் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்போம். உருளைப்புழு முட்டை கெட்டியான தோலோடு உருண்டையாக, மேல்தோல் குழிகுழியாக இருக்கும், ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஒரு முறை ஒன்றும் இல்லை என்று வந்தால் புழுவே இல்லை என்று அர்த்தமில்லை. புழு தினமும் ஒரே அளவு முட்டை போடாது. நாடாப்புழுவோ முட்டையைக் கண்ணிக்குள் பொட்டலமாகக் கட்டியே அனுப்புவதால் எங்கள் வில்லையில் பெரும்பாலும் சிக்காது. பஞ்சுவின் பருக்கையை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினால் அதுவே போதுமான சாட்சி.

குட்டியின் சளிக் கழிச்சலுக்கு என் சந்தேகம் காக்சிடியா. அது புழு கிடையாது, ஒற்றைச் செல் உயிர். எந்தப் பூச்சி மாத்திரைக்கும் அடங்காது, டோல்ட்ராசூரில் மாதிரி தனி மருந்து வேண்டும். ஜியார்டியா என்ற இன்னொரு ஒற்றைச் செல் உயிரும் இருக்கலாம், அதற்குத் தனிப் பரிசோதனை கேளுங்கள். மலத்தட்டை நாளுக்கு இரண்டு முறை சுத்தம் செய்யுங்கள். காக்சிடியா முட்டை வெளியே வந்து சில மணி நேரமாவது கிடந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும், அதற்குள் அள்ளிவிட்டால் பஞ்சுவுக்கும் நல்லது, அந்தக் குட்டிக்கே மறுபடி தொற்றாமலும் இருக்கும். பிளீச்சிங் போட்டால் அது சாகாது. தட்டைத் தேய்த்துவிட்டுக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள்.

---

மழைமேகம்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் நான்கு மாதக் கர்ப்பிணி. எங்களிடமும் ஒரு பூனை. பூண்டு அரைத்துக் கொடுத்தால் புழு எல்லாம் போய்விடும், மருந்தே வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். கொடுக்கலாமா? கர்ப்பமாக இருக்கும்போது பூனையே வீட்டில் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறார்கள்.

---

மூணுகால் முத்து வீடு

பூண்டு வேண்டவே வேண்டாம்மா. பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். புழு போகாது, இரத்தசோகைதான் வரும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒற்றைச் செல் உயிரைப் பற்றி. பூனை வாழ்நாளில் பெரும்பாலும் முதல் தடவை தொற்றும்போது மட்டும், ஒன்றிரண்டு வாரம்தான் அதன் முட்டையை வெளியேற்றும். அந்த முட்டையும் வெளியே வந்து குறைந்தது ஒரு நாள் ஆன பிறகே தொற்றும். மலத்தட்டைத் தினமும் வீட்டில் வேறு யாராவது சுத்தம் செய்யட்டும். நீங்களே செய்ய வேண்டி வந்தால் கையுறை போட்டு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோட்ட மண்ணில் கை வைத்தாலும் அப்படியே. பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், நீங்களும் அரைவேக்காட்டு இறைச்சி சாப்பிடாதீர்கள். உங்கள் டாக்டரிடமும் பூனை இருப்பதைச் சொல்லிவையுங்கள். பூனை வீட்டிலேயே இருக்கட்டும்.

---

பஞ்சுவின் அம்மா (ஐந்து வாரம் கழித்து)

எல்லாருக்கும் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன், இன்றுதான் உட்கார முடிந்தது.

அன்று இரவே குட்டியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். வெளிறவில்லை, இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது. காலையில் மாதிரியோடு போனோம். உருளைப்புழு முட்டை நிறைய, கூடவே காக்சிடியாவும். கண்ணாடி வில்லை சொன்னது அப்படியே. வாயில் விடுகிற பைரன்டெல் சொட்டு மருந்து ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. இடையில் காக்சிடியாவுக்கான மருந்து. ஏன் இரண்டு தடவை என்று டாக்டரிடம் கேட்டேன். மருந்து குடலில் இருக்கிற பெரிய புழுவைத்தான் தள்ளும், உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கிற குஞ்சுப் புழுக்கள் குடலுக்கு வந்துசேரக் காத்திருந்து அவற்றையும் பிடிக்க வேண்டும் என்றார்.

முதல் தடவை கொடுத்த மறுநாள் காலை மலத்தட்டில் ஏழு புழு. வெள்ளையாக, நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி, ஒவ்வொன்றும் என் விரல் நீளம். அந்த இத்துனூண்டு வயிற்றில் இவ்வளவும் எப்படி இருந்தது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எண்ணி முடித்தபோது அழுகையே வந்துவிட்டது. இப்போது குட்டியின் எடை 1,150 கிராம். வயிறு இறங்கிவிட்டது, மலம் உருண்டையாக வருகிறது. மாமியார்தான் கடுகு என்று பெயர் வைத்தார்.

பஞ்சுவைச் சீப்பால் வாரினேன் அக்கா. நீங்கள் சொன்ன அந்தச் சிவப்பு வளையம், காகிதத்தில் ஆறு இடத்தில். எனக்கு அவள்மேல் ஒரு தெள்ளுகூடத் தெரிந்ததில்லை. பிராசிகுவான்டெல் மாத்திரையை முதல் முயற்சியில் துப்பி, நுரை தள்ளி, கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். டாக்டரே ஊசியாகப் போட்டுவிட்டார். தெள்ளுக்குப் பூனைச் சொட்டு, அட்டையை நான்கு முறை படித்த பிறகுதான் பிரித்தேன். ஒரு மாதம் ஆகிவிட்டதால் போன வாரம் இரண்டாவது தவணையும் விட்டாயிற்று. கடுகுக்கும் எடைக்கு ஏற்ற மருந்தை டாக்டர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வெந்நீரில் துவைக்கிறேன். இந்த ஐந்து வாரத்தில் ஒரு பருக்கைகூட இல்லை.

பையனுக்குக் கீரிப்பூச்சிதான். டாக்டர் எங்கள் எல்லாருக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார், நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். பூனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மாமியார் எதிரிலேயே சொன்னார்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. இனி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும்?

---

மூணுகால் முத்து வீடு

ஏழு புழுவையும் எண்ணிப் பார்த்திருக்கிறீர்களே, அப்படித்தான் பார்க்க வேண்டும். கடுகுக்கு ஆறு மாதம் ஆகிறவரை மாதம் ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் எடை போட்டுவிட்டுக் கொடுங்கள், போன மாத அளவு இந்த மாதம் போதாது. பஞ்சு வேட்டையாடாத பூனை, அவளுக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை உங்கள் டாக்டர் அவளைப் பார்த்துச் சொல்லட்டும். மாடியில் எலி பிடிக்க ஆரம்பித்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், இடைவெளியைக் குறைப்பார். தெள்ளுச் சொட்டின் மூன்றாவது தவணையை மட்டும் விட்டுவிடாதீர்கள், தேதியை இப்போதே காலண்டரில் எழுதுங்கள்.